இரண்டாம் சர்க்கரை

செஞ்சி பேரூராட்சி எல்லைக்குள் வசிப்பவர்களும், பஸ் மாறுவதற்காகச் சற்று நேரம் நிற்பவர்களும் அறிய வேண்டியது: உலக வரலாற்றை இனிமேல் இரண்டு பாகமாகப் பிரித்துப் படிக்க வேண்டியிருக்கும். வைக்கோலை மாடு தின்ற காலம் ஒன்று. வைக்கோலில் வண்டி ஓடும் காலம் மற்றொன்று. இரண்டாம் காலம் வருகிற வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, அதாவது ராகுகாலம் பிறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக, எமது கல்லூரிக் கலையரங்கில் தொடங்கிவைக்கப்படும். தேநீர் உண்டு.

இப்படிக்கு முதல்வர், முனைவர் நெடுமாறன் என்று முடிந்த அந்தச் சுவரொட்டி, பஸ் ஸ்டாண்டில் மூலம் பௌத்திரம் விளம்பரத்துக்கும் ஒரு கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில் ஒட்டப்பட்டிருந்தது. வல்லத்திலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கிய அன்புக்கரசி அதை இரண்டு தடவை படித்தாள். முதல்வரின் படம் பாதிச் சுவரொட்டியை அடைத்திருந்தது. மூலையில் தபால்தலை அளவுக்கு அவள் படம். கீழே, ஒரு முழ உயரத்துக்கு ஓர் எண்: 410.

அந்த எண்ணை மட்டும் உள்ளங்கையால் மறைக்கப் பார்த்தாள். கை போதவில்லை.

அன்புக்கரசி அந்தத் தனியார் கல்லூரியில் நுண்ணுயிரியல் உதவிப் பேராசிரியை. மூன்று வருஷமாக ஒரு பாக்டீரியாவைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். மூன்றாம் வருஷ மாணவர்களைத் திருத்துவதைவிட அது சுலபம் என்று நம்பித்தான் இறங்கினாள்.

விஷயம் இதுதான். வைக்கோலை லேசான அமிலத் தண்ணீரில் ஊறவைத்து, ஆட்டோகிளேவ் என்கிற ராட்சதக் குக்கரில் அவித்து, அப்புறம் நொதி கலந்தால், அதற்குள் பூட்டிக் கிடக்கிற இரண்டு சர்க்கரைகள் வெளியே வரும். முதலாவது குளுக்கோஸ். அதைத் தின்னாத கிருமி கிடையாது. இரண்டாவது சைலோஸ். குளுக்கோஸ் கண்ணில் படுகிறவரை பாக்டீரியா அதை ஏறெடுத்தும் பார்க்காது. பந்தியில் வடையையும் பாயசத்தையும் முடித்துக்கொண்டு, சோற்றை அப்படியே வைத்து இலையை மடித்துவிட்டுப் போகிற சம்பந்தி மாதிரி. வைக்கோலில் இருக்கிற சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படித்தான் இலையோடு குப்பைக்குப் போகிறது. அந்த இரண்டாம் சர்க்கரையை பாக்டீரியா தின்ன வேண்டும். தின்றதையெல்லாம் சாராயமாக மாற்ற வேண்டும். அது வண்டிக்கு எரிபொருள். அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’ நாற்பது தடவை தோற்றது.

வகுப்பில் அவள் இதைச் செஞ்சிக் கூட்டுரோட்டை வைத்துத்தான் சொல்லிக் கொடுப்பாள். “பாக்டீரியா வயித்துக்குள்ள சர்க்கரை வந்து நிக்கிற எடம் நம்ம கூட்டுரோடுன்னு வெச்சிக்கோங்க. கொஞ்சம் லாக்டிக் அமிலமா திருவண்ணாமலை போயிடுது. கொஞ்சம் அசிட்டிக் அமிலமா விழுப்புரம் போயிடுது. மிச்சம் மீதிதான் சாராயமா திண்டிவனம் போவுது. நமக்கு வேண்டியது திண்டிவனம். அதனால மத்த ரெண்டு ரோட்டுக்கும் உண்டான ஜீனை வெட்டி மறிச்சிடறோம்.”

“மேடம், அப்ப திருவண்ணாமலைக்குப் போறவங்க இன்னா பண்ணுவாங்க?” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்பாள்.

கேலிக்குக் கேட்ட கேள்விதான். ஆனால் நடந்தது அதுவேதான். ரோட்டை மறித்ததும் வண்டிகள் திண்டிவனம் போகவில்லை, கூட்டுரோட்டிலேயே நின்றுவிட்டன. பாக்டீரியா மூச்சுமுட்டிச் செத்தது. அப்புறம் வேறொரு பாக்டீரியாவிடமிருந்து இரண்டு ஜீன்களைக் கொண்டுவந்து திண்டிவனம் ரோட்டை அகலப்படுத்தினாள். ‘குளுக்கோஸ் தீர்ந்த பிறகுதான் சைலோஸ்’ என்று வாசலில் நின்று மறிக்கிற காவல்காரப் புரதத்தைக் கழற்றிவிட்டாள். இப்படி செ-1 முதல் செ-40 வரை நாற்பது பேர் வந்து போன பிறகு பிறந்தது செ-41.

போன வாரம் அதை மூன்று பெரிய பாட்டில்களில் வளர்த்தாள். பாட்டிலுக்கு ஒரு கிலோ வைக்கோல், தராசில் அவளே நிறுத்துக் கொடுத்தது. முதல் பாட்டிலில் 410 கிராம் சாராயம். இரண்டாவதில் 405. மூன்றாவதில் 190 மட்டும். அதில் வேறு ஏதோ கிருமி புகுந்துவிட்டது என்று முடிவுகட்டி, வடிக்காமல் குளிரறையின் மூலைக்குத் தள்ளினாள்.

410 என்று வந்த அன்றைக்கு அவள் ஆராய்ச்சிக்கூடத்தில் தனியாக, செருப்பில்லாமல், மேசையை ஒரு சுற்று சுற்றி ஓடினாள். உட்கார்ந்து கணக்குப் போட்டாள். கணக்கு முடிந்ததும் எழுந்திருக்கவில்லை. ஒரு கிலோ வைக்கோலில் இருக்கிற இரண்டு சர்க்கரையையும் ஒரு துளி விடாமல் சாராயமாக்கினாலும் 340 கிராமுக்கு மேல் வராது. எந்தக் கொம்பன் வந்தாலும் வராது. ஒரு படி அரிசியைப் பொங்கி இரண்டு படி அரிசி எடுக்க முடியாது என்பது எப்படியோ, அப்படி.

முதல்வரிடம் போய்ச் சொன்னாள்.

“அந்த 340 என்ற வரம்பை விதித்தது யார்?” என்று கேட்டார் நெடுமாறன்.

“யாரும் விதிக்கல சார். இயற்கை.”

“எந்த ஆண்டு?”

“சார்?”

“எந்த ஆண்டு விதித்தது என்று கேட்கிறேன். புதுப்பிக்கப்படாத வரம்புக்கெல்லாம் நாம் கட்டுப்பட வேண்டியதில்லை, அம்மா. இயற்கையின் எல்லை செஞ்சியில் தாண்டப்பட்டிருக்கிறது. இன்னொன்று. சாராயம் என்ற சொல் கல்லூரி வளாகத்துக்குள் வேண்டாம். பசுமை எரிநீர் என்று சொல்லுங்கள்.”

அன்று சாயங்காலமே சுவரொட்டி அச்சுக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமை வருகிறவர் சென்னையிலிருந்து டாக்டர் அருள்ஜோதி. மூன்று வருஷம் பணம் கொடுத்த அமைப்பின் நிபுணர். இந்த மாதத்தோடு திட்டம் முடிகிறது. அவர் அறிக்கையில் ‘தொடரலாம்’ என்று எழுதினால் இன்னும் மூன்று வருஷம். எழுதாவிட்டால் செ-41-ஐ விதிமுறைப்படி ஆட்டோகிளேவில் வேகவைத்துக் கொன்று, மூடியில் தேதி எழுதி, கோப்பைக் கட்டிவைக்க வேண்டும். அன்புக்கரசிக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இது இரண்டாம் சர்க்கரையைத் தின்கிறதா, இல்லையா. கல்லூரியில் இருந்த கருவி மொத்த சர்க்கரையைத்தான் சொல்லும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. பிரித்துச் சொல்கிற கருவி புதுச்சேரியில் தோழி மீனம்பாளின் ஆய்வகத்தில் இருந்தது. மூன்று பாட்டிலிலிருந்தும் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் எடுத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தாள்.

சுவரொட்டியைப் படித்துவிட்டு அன்புக்கரசி ஆராய்ச்சிக்கூடத்துக்குள் நுழைந்தபோது பாவாடை பின்வாசலில் சிலிண்டர் உருட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் ஆய்வக உதவியாளர். ஐம்பது வயது. வைக்கோல் நறுக்குவது, ஊறவைப்பது, அவிப்பது, காய்ச்சி வடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஆட்டோகிளேவைக் கரண்டில் போட்டால் கல்லூரி முழுக்க ஃபியூஸ் போய்விடும் என்பதால் கேஸில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பாட்டிலுக்கு ஒரு சிலிண்டர் கேக்குது மேடம். கல்யாணத்துக்கு ஆக்குற மாதிரி இருக்குது,” என்றார் பாவாடை.

“ம்,” என்றாள் அன்புக்கரசி. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கட்டையிலிருந்து வைக்கோல் ஊறவைக்கிற தொட்டிவரை எறும்பு ஒரு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. “இது இன்னா பாவாடைண்ணா, இவ்ளோ எறும்பு?”

“மருந்து போட்டுடறேன் மேடம்,” என்று அவர் அவசரமாகத் துடைப்பத்தை எடுத்தார்.

புதன்கிழமை தோமினிக் வந்தார். திண்டிவனம் ரோட்டில் மெக்கானிக் கடை வைத்திருப்பவர். வெள்ளிக்கிழமை பசுமை எரிநீரில் ஓடப்போவது அவருடைய மொபெட். கார்புரேட்டரைக் கழற்றி மேசைமேல் பரப்பினார்.

“பெட்ரோல விட இதுக்குத் தாகம் ஜாஸ்தி மேடம். ஜெட்டு ஓட்டைய கொஞ்சம் பெருசு பண்ணிட்டேன். ஆயிலு வேற கலக்கணும். சாதா ஆயில் இதோட சேர மாட்டேங்குது, தனியா நிக்குது. வெளக்கெண்ணெய் ஊத்திப் பாத்தேன், ஜம்முனு கலந்துடுச்சு.”

“விளக்கெண்ணெயா? எஞ்சின் தாங்குமா?”

“அதுக்கும் வயிறு சுத்தமாவட்டும்.”

கார்புரேட்டரைத் திரும்ப மாட்டி, முதல் பாட்டிலில் வடித்ததை ஊற்றி உதைத்தார். மூன்றாவது உதையில் மொபெட் இருமியது. நாலாவதில் பிடித்துக்கொண்டது. ஆராய்ச்சிக்கூடத்து வாசலில் நீலப்புகை எழுந்து, குழந்தைக்குப் பேதிக்குக் கொடுத்த வீடு மாதிரி ஒரு வாசனை பரவியது. மாணவிகள் மாடியிலிருந்து விசிலடித்தார்கள். அன்புக்கரசி தன்னை மறந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். வண்டி ஓடுகிறது. வைக்கோல் ஓடுகிறது. 340-ஆவது, வரம்பாவது என்று ஒரு நிமிஷம் அவளுக்கே தோன்றிவிட்டது.

அந்த நிமிஷத்தில்தான் போன் அடித்தது. மீனம்பாள்.

“அன்பு, உன் மொதல் ரெண்டு பாட்டிலோட நடு மாதிரிய கருவியில ஓட்டினேன். ஒண்ணு கேக்கணும். வைக்கோல்தானே போட்ட?”

“வைக்கோல்தான். ஏன்?”

“ஃப்ரக்டோஸ் வருது.”

“வராதே.”

“அதான் சொல்றேன், வராதே. வைக்கோல்ல ஃப்ரக்டோஸ் ஏது? பழத்துல இருக்கும், தேன்ல இருக்கும். கரும்புச் சர்க்கரைய அமிலத்துல வேகவெச்சா பாதி அதுவா உடையும். உன் மாதிரியில சும்மா மலையாட்டம் நிக்குது. ஆமா, யாராவது பாட்டில்ல டீ ஊத்திட்டாங்களா?”

அன்புக்கரசி போனைக் காதில் வைத்தபடியே திரும்பினாள். ஜன்னல் கட்டையில் எறும்பு மறுபடியும் வரிசை கட்டியிருந்தது. மருந்துப் பொடிக்கு ஒரு வளைவு வளைந்து, அப்பால் சேர்ந்துகொண்டு, நேராகத் தொட்டிக்கு. வைக்கோலைத் தேடி எறும்பு வந்ததாக அவள் வல்லத்தில் பிறந்து வளர்ந்த முப்பத்தாறு வருஷத்தில் பார்த்ததில்லை.

“மூணாவது பாட்டிலையும் ஓட்டு,” என்றாள்.

“அது கெட்டுப்போச்சுன்னியே.”

“ஓட்டு. மூணு மாதிரியையும்.”

போனை வைத்தாள். “பாவாடைண்ணா.”

“மேடம்.”

“வைக்கோல் ஊற வெக்கிற தண்ணியில இன்னா போட்டீங்க?”

“நீங்க சொன்ன ஆசிடுதான். அளவு பாத்துத்தான் ஊத்தினேன்.”

“அப்புறம்?”

பாவாடை மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை. “அப்புறம் கொஞ்சம் வெல்லம்.”

மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்த தோமினிக் துடைப்பதை நிறுத்தினார்.

“எங்க வீட்டுச் செவலையும் இப்பிடித்தான் மேடம்,” என்றார் பாவாடை. குரலில் குற்ற உணர்ச்சி இல்லை. வைத்தியம் சொல்கிற நிதானம் இருந்தது. “வெறும் வைக்கோலப் போட்டா மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கும். வெல்லத் தண்ணி தெளிச்சுப் போட்டா கட்டு கட்டா உள்ள போவும். நீங்க மூணு வருசமா இந்த பாட்டிலுங்க முன்னாடி நின்னுக்கினு, தின்ன மாட்டேங்குது தின்ன மாட்டேங்குதுன்னு பொலம்பறீங்க. பாக்கவே சங்கட்டமா இருந்துது. பெரிய ஆபீசர் வேற வராங்கன்னு சொன்னீங்க. அதான்.”

“எவ்ளோ போட்டீங்க?”

“பாட்டிலுக்கு அரைக் கிலோ.”

“அரைக் கிலோவா? மாட்டுக்கே அவ்ளோ போட மாட்டீங்களே.”

“மாடு ஒண்ணு மேடம். இதுங்க கோடிக்கணக்குல இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க.”

அன்புக்கரசி முக்காலியில் உட்கார்ந்தாள். அரைக் கிலோ வெல்லம் கிட்டத்தட்ட இருநூற்றிருபது கிராம் சாராயம். 410-இல் அதைக் கழித்தால் என்ன மிச்சம் என்று மனசு தானாகவே கழித்துக்கொண்டிருந்தது. இயற்கையின் எல்லை தாண்டப்படவில்லை. அதன் தலைக்குமேல் பாவாடை வெல்லம் கரைத்து ஊற்றியிருக்கிறார். சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகை மாதிரி ஒன்று வந்தது. இரண்டும் முடிவதற்குள் கழித்தலின் விடை வந்தது.

நூற்றுத் தொண்ணூறு.

எழுந்து நின்றாள். “பாவாடைண்ணா. மூணாவது பாட்டில்லயும் போட்டீங்களா?”

“அதுல போடல மேடம்,” என்று அவர் தலையைத் தொங்கப் போட்டார். இப்போதுதான் குற்ற உணர்ச்சி வந்தது. “அன்னிக்குக் காலையில எங்க வீட்டுக்காரி குஞ்சம்மா பானையத் தொறந்து பாத்துட்டா. பொங்கலுக்குன்னு வாங்கி வெச்ச வெல்லமாம். எங்க போச்சுன்னு கேட்டா. ஆராய்ச்சிக்குன்னேன். ஆராய்ச்சி பண்ற மூஞ்சப் பாருன்னு சொல்லி மிச்சத்த பீரோவுல வெச்சுப் பூட்டிட்டா. அதனாலதான் மேடம் அந்த பாட்டிலு தோத்துப் போச்சு. மன்னிச்சிக்கங்க.”

“அது தோக்கல,” என்றாள் அன்புக்கரசி. “அது ஒண்ணுதாண்ணா நெஜமான பாட்டில். குஞ்சம்மாக்கா புண்ணியத்துல.”

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மீனம்பாள் கூப்பிட்டாள். ‘ஹலோ’ இல்லை, ஒன்றும் இல்லை.

“குளுக்கோஸ் கடைசில சைபர்.”

“ம்.”

“ஃப்ரக்டோஸ் சைபர். மொதல்லயும் இல்ல, கடைசிலயும் இல்ல.”

“ம். சொல்லுடி.”

“சைலோஸ், நடு மாதிரியில குளுக்கோஸ் இருக்கறப்பவே கொறைய ஆரம்பிச்சிருக்குது. ரெண்டும் ஒண்ணாவே எறங்குது. கடைசில...”

“கடைசில?”

“கோடு நேரா தரையோட போவுது அன்பு. சைலோஸ் ஒண்ணுமே இல்ல. தொடச்சு வெச்சிருக்குது.”

நாற்பது தடவை தோற்றவளுக்கு நாற்பத்தொன்றாவது தடவை என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. பாவாடையின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவர் கையிலிருந்த துடைப்பமும் சேர்ந்து குலுங்கியது. “தின்னுடுச்சுண்ணா. ரெண்டாவது சர்க்கரையையும் தின்னுடுச்சு. வெல்லம் இல்லாமலே.”

“வெறும் வைக்கோலயா?” என்றார் பாவாடை, நம்பாமல். “நம்ம செவலைக்கு இது கொஞ்சம் கெடைக்குமா மேடம்?”

மூன்றாவது பாட்டிலைக் குளிரறையிலிருந்து எடுத்து, அன்று பகல் முழுக்கக் காய்ச்சி, இரண்டு தடவை வடித்தார்கள். இருநூறு மில்லி தேறியது. முன்பு வடித்து வைத்திருந்த வெல்லச் சாராயத்தை அன்புக்கரசி தனியாகப் பூட்டினாள். அப்புறம் முதல்வர் அறைக்குப் போனாள்.

நெடுமாறன் கண்ணாடி முன் நின்று உரையைப் பழகிக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: வெல்லம், எறும்பு, குஞ்சம்மாள், நூற்றுத் தொண்ணூறு. இரண்டாம் சர்க்கரை என்கிற இடத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. முதல்வர் பொறுமையாகக் கேட்டார்.

“ஆக, நானூற்றுப் பத்து இல்லை.”

“இல்ல சார். நூத்தித் தொண்ணூறு. ஆனா அதுதான் சார் பெரிய விஷயம். அது ரெண்டு சர்க்கரையையும்...”

“அம்மா. நூற்றுத் தொண்ணூறுக்கு யாராவது சுவரொட்டி அடிப்பார்களா?”

“சார்?”

“ஊர் முழுக்க நானூற்றுப் பத்து என்று ஒட்டியாகிவிட்டது. தளவானூர் வரைக்கும் ஒட்டியிருக்கிறோம். பல்லவர் குகைக்கு எதிரிலேயே ஒன்று இருக்கிறது. நாளை நான் நானூற்றுப் பத்து என்று சொல்கிறேன். நிபுணர் ஊருக்குத் திரும்பிய பிறகு நீங்கள் அடிக்குறிப்பில் திருத்திக்கொள்ளுங்கள். வரலாற்றில் எல்லாத் திருத்தமும் அடிக்குறிப்பில்தான் நடந்திருக்கிறது.”

வெள்ளிக்கிழமை கலையரங்கம் நிறைந்துவிட்டது. வல்லத்திலிருந்து விவசாயிகள் இரண்டு டிராக்டரில் வந்திருந்தார்கள். ஒருவர் சாம்பிளுக்கு ஒரு கட்டு வைக்கோலே கொண்டுவந்து மடியில் வைத்திருந்தார். மேடையில் டாக்டர் அருள்ஜோதி சாதாரண நூல்சேலையில், தேநீரைத் தொடாமல், ஒரு மெல்லிய கோப்பைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து அவர் சிரிக்கவில்லை. முதல்வர் போர்த்திய பொன்னாடையை மடித்து நாற்காலிக் கைமேல் போட்டிருந்தார்.

முதல்வர் நாற்பது நிமிஷம் பேசினார். செஞ்சிக் கோட்டையை ஆண்ட அத்தனை பேரையும் வரிசையாக மேடைக்கு அழைத்து, யாராலும் வைக்கோலிலிருந்து எரிநீர் எடுக்க முடியவில்லை என்பதை நிறுவினார். “கோட்டைக்கு மதில் உண்டு. இயற்கைக்கும் மதில் உண்டு. அதன் பெயர் முந்நூற்று நாற்பது. அந்த மதிலை ஏறிக் குதித்து நாம் நட்ட கொடியின் பெயர்,” என்று நிறுத்தி, அரங்கத்தை ஒரு சுற்றுப் பார்த்து, “நானூற்றுப் பத்து,” என்றார். கைதட்டல் கூரையைத் தொட்டது. வைக்கோல் கட்டுக்காரர் கட்டைத் தூக்கிக் காட்டினார்.

அடுத்தது அன்புக்கரசி. ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து நின்றாள். மேடைக்குக் கீழே பாவாடை இஸ்திரி போட்ட சட்டையில் நின்றுகொண்டு, அவளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்கிற மாதிரி. அவரைக் காட்டிக்கொடுக்காமல் உண்மையைச் சொல்ல என்ன வழி என்று அவள் வியாழன் முழுக்க யோசித்திருந்தாள். வழி இல்லை.

“நானூத்திப் பத்து இல்லீங்க,” என்றாள். “நூத்தித் தொண்ணூறு.”

வைக்கோல் கட்டுக்காரர் கட்டை மடிக்கு இறக்கினார். முதல்வர் எழுந்து, இருமி, உட்கார்ந்தார்.

“மொதல் ரெண்டு பாட்டில்ல வெல்லம் கலந்துடுச்சு. சரியா மேற்பார்வை பண்ணாதது என் தப்பு. வெல்லம் இல்லாத பாட்டில்ல வந்தது நூத்தித் தொண்ணூறுதான்.”

“வெல்லம் எப்படிக் கலந்தது?” என்று கேட்டார் அருள்ஜோதி. அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை.

அன்புக்கரசி வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து பாவாடை, “நான்தாம்மா கரைச்சு ஊத்துனேன்,” என்றார். “தின்ன மாட்டேங்குதுன்னு மேடம் சொன்னாங்க. மாட்டுக்குச் செய்யறதுதான்.”

வல்லத்து விவசாயிகள் பக்கம், ஆமாம் அப்படித்தான் செய்வோம் என்று ஒரு முனகல் எழுந்தது. அருள்ஜோதி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

“எங்க வீட்லயும் அப்படித்தான் செய்வாங்க,” என்றார். பிறகு அன்புக்கரசியிடம் திரும்பினார். “நானூத்திப் பத்துன்னு அழைப்பிதழ்ல போட்டிருந்தீங்க. அதப் படிச்சிட்டு நான் இந்தத் திட்டத்த மூடத்தான் வந்தேன். கையெழுத்து கூட கார்லயே போட்டாச்சு. இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த நூத்தித் தொண்ணூறுல சைலோஸ் எவ்ளோ மிச்சம்?”

“சைபர் மேடம்.”

“குளுக்கோஸ் இருக்கறப்பவே கொறைஞ்சுதா?”

“ரெண்டும் ஒண்ணா எறங்குச்சு.” அன்புக்கரசி புதுச்சேரியிலிருந்து வந்த தாளை நீட்டினாள்.

அருள்ஜோதி அதை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நாலாகக் கிழித்து, குடிக்காத தேநீருக்குப் பக்கத்தில் வைத்தார்.

“வண்டி எங்க இருக்குது?” என்றார்.

அப்புறம் நடந்ததைச் செஞ்சி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. அன்புக்கரசி இருநூறு மில்லியையும் தன் கையால் ஊற்றினாள். தோமினிக் விளக்கெண்ணெய் கலந்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உதைத்தார். மொபெட் முதல் உதையிலேயே பிடித்தது. முதல்வர் பச்சைக்கொடியை அசைத்ததோடு நிற்காமல், வரலாறு தன்னைவிட்டு நகர்ந்து போவது பொறுக்காமல், ஓடிப்போய்ப் பின்னால் ஏறிக்கொண்டார். அருள்ஜோதி மடித்துப்போட்ட பொன்னாடை இப்போது அவர் தோளில் பறக்க, நீலப்புகை எழ, வண்டி கல்லூரி வாசலைத் தாண்டிக் கடைவீதிக்குள் நுழைந்தது. பின்னால் டிராக்டர்கள், பைக்குகள், சைக்கிளில் ஒரு கூட்டம், கடைசியில் அரசு முத்திரை போட்ட காரில் அருள்ஜோதியும் அன்புக்கரசியும். கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கூட்டுரோட்டில் போக்குவரத்துக் காவலர் திருவண்ணாமலை பஸ்ஸை நிறுத்தி வழிவிட்டார்.

“போவுது மேடம், போவுது,” என்று அன்புக்கரசி கார் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்திக்கொண்டே வந்தாள். அருள்ஜோதி அவள் புடவையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தார்.

கோட்டை அடிவாரம் வரைக்கும் வண்டி நிற்கவில்லை. ராஜகிரி மலையைப் பார்த்துக்கொண்டு நின்ற சுற்றுலாக் கூட்டம் மலையை விட்டுவிட்டு மொபெட்டைப் படம் பிடித்தது. முதல்வர் இறங்கி, எதிரிலிருந்த செல்போனிடம், தான் ஆரம்பத்திலிருந்தே நூற்றுத் தொண்ணூறு என்றுதான் சொல்லிவந்ததாகத் தெரிவித்தார். அருள்ஜோதி கார் பானெட்டின்மேல் அறிக்கையை வைத்து, ‘தொடரலாம்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

மத்தியானம் அன்புக்கரசி மிதந்துகொண்டே ஆராய்ச்சிக்கூடத்துக்குத் திரும்பினாள். செ-41 இருந்த சிறு குப்பியைக் குளிர்பெட்டியில் வைத்து, கதவை மெதுவாகச் சாத்தினாள். ஜன்னல் கட்டையில் ஓர் எறும்புகூட இல்லை. பாவாடை பின்வாசலிலிருந்து பதிவேட்டோடு வந்தார்.

“கையெழுத்து போடுங்க மேடம். மூணாவது பாட்டிலுக்குன்னு போட்ட சிலிண்டர். தீந்துட்டுது.”

இருநூறு மில்லி பசுமை எரிநீரை எடுக்க ஒரு முழு சிலிண்டர் சமையல் கேஸ் எரிந்திருந்தது.